தவமணியின் மஞ்சள் நூல்

"நல்ல ஆக்களுக்காக வழக்காடுறாய், சரி. நல்ல ஆக்கள் பிழை விட்டால் என்ன செய்வாய், பிள்ளை?"

கனடாவில், மார்க்கம் நகரில் ஒரு கலியாண வரவேற்பில் இராசமணி அன்ரி நிரூபாவிடம் இப்படிக் கேட்டார். அப்போது நிரூபா சட்டத்தொழிலில் கால் ஊன்றியிருந்த காலம்.

"நல்ல ஆக்கள் பிழை விட்டாத்தான் அன்ரி எனக்குச் சாப்பாடு."

மேசை முழுவதும் சிரித்தது. இராசமணி அன்ரி சிரிக்கவில்லை. தன் தட்டிலிருந்த மட்டன் ரோலை இரண்டாகப் பிய்த்துக்கொண்டு, "அப்ப உனக்கு ஒருநாளும் பட்டினி வராது," என்று மட்டும் சொன்னார்.

நிரூபா சமூகச் சுகாதார நிலையங்களின் வழக்கறிஞர். வேறு வேலையை அவள் எடுப்பதில்லை. அவளுடைய தகப்பன் கனடாவுக்கு வந்த புதிதில், கையில் எந்தச் சுகாதார அட்டையும் இல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியான ஒரு நிலையத்துக்குள் நுழைந்திருக்கிறார். அங்கே இருந்தவர்கள் அட்டையைக் கேட்கவில்லை, எங்கே நோகிறது என்று கேட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அரசாங்கத்தின் ஆட்கள் கணக்குகளைக் கிளற வந்தபோதும், நோயாளி ஒருவரின் இரகசியம் வெளியே போய்விட்டதென்று முறைப்பாடு எழுந்தபோதும், ஒரு மரணத்தின்மேல் விசாரணை வைத்தபோதும் அந்த நிலையங்கள் அவளைத்தான் கூப்பிட்டன. அவள் காத்துக் கொடுத்த எந்த நிலையமும் இதுவரை கதவைப் பூட்டவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. விசாரணைக்குப் போகிற ஒவ்வொருவரையும் தனியே இருத்தி, முதலில் ஒரு கேள்வி கேட்பாள்.

"சாப்பிட்டீங்களோ?"

எங்கள் சனம் இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லாது. காலையில் பாணும் சம்பலும் என்பார்கள். சம்பலுக்குத் தேங்காய்ப்பூ சரியில்லை என்பார்கள். நீங்கள் சாப்பிட்டீங்களோ என்று திருப்பிக் கேட்பார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்துவாள். "ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. என்ன சாப்பிட்டது எண்டு நான் கேக்கேல்லை. அவையள் கேக்கிறதுக்கு மட்டும் பதில். மிச்சம் உங்கட வயித்துக்குள்ள இருக்கட்டும்."

இந்தப் பாடம் ஒருபோதும் பிழைத்ததில்லை.

பேர்ச் ஹொலோ சமூகச் சுகாதார நிலையம் ஸ்காபரோவில் ஒரு மலிவுக் கடைத்தொகுதியின் மூலையில், மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருந்தது. அதன் இயக்குநர் கரோலின், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். வழக்கைப் பற்றி முதல் தடவை பேசியபோது அவர் நிரூபாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நான் வேதக்காரி. உங்கட முருகன் எனக்கு வைச்ச வேலையைப் பாருங்கோ," என்றார். சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது.

வழக்கு இதுதான். தவமணி என்றொரு அம்மா, நீரிழிவுக்காரி, பல வருடங்களாக அந்த நிலையத்துக்கு வந்து போனவர். மூன்று வருடங்களுக்கு முன், கந்தசஷ்டி விரத நாட்களில், தனியாக இருந்த தன் அடுக்குமாடி வீட்டில் மயங்கி விழுந்தார். மகள் கதவைத் திறப்பித்து உள்ளே போனபோது கண்கள் திறந்திருந்தன, ஆளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தார். சாப்பிடாமல் இருந்துகொண்டு இன்சுலின் ஊசியை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார்; இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கிவிட்டது. மகள் நிலாணி, ஒஷாவாவில் இருப்பவள், நிலையத்தின் மேலும் அங்கே நீரிழிவு வகுப்பு நடத்திய தாதி சஜிதாவின் மேலும் வழக்குப் போட்டாள். தமிழ்ச் சனத்துக்கென்றே நடக்கும் வகுப்பில் விரதத்தைப் பற்றி ஏன் ஒருவரும் அம்மாவைக் கேட்கவில்லை என்பது அவளுடைய கேள்வி.

அதற்குப் பதில் இருந்தது. கேட்டிருக்கிறார்கள். கந்தசஷ்டிக்கு முந்திய கிழமை சஜிதா கேட்டிருக்கிறாள். தவமணி இல்லை என்று சொல்லியிருக்கிறார். சஜிதா அதை அப்போதே பதிந்தும் வைத்திருக்கிறாள்.

"உது போதும்," என்றாள் நிரூபா. "நிலையம் தப்பும்."

கரோலின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். வழக்குத் தோற்றால் நீரிழிவு வகுப்பை மூடிவிடுவார்கள், சஜிதாவின் தாதி உரிமம் போய்விடும், அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் தமிழ் பேசும் தாதி எவரும் இருக்கமாட்டார். இதெல்லாம் இருவருக்கும் தெரியும்.

சத்தியத்தின் பேரில் எதிர்த்தரப்புக் கேள்விக்குப் பதில் சொல்லும் நாள் குறித்தார்கள். அது இந்த வருடத்துக் கந்தசஷ்டிக் கிழமைக்குள் வந்து விழுந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எல்லாருடைய நாட்காட்டியிலும் அந்த ஒரு நாள்தான் வெறுமையாக இருந்தது.

அதற்கு முதல் நாள் பின்னேரம் சஜிதா நிரூபாவின் அலுவலகத்துக்கு வந்தாள். மட்டக்களப்புப் பக்கம். ஐம்பது வயதைத் தொட்டவள், மெல்லிய ஆள். உள்ளே வெக்கையாக இருந்தும் கோட்டைக் கழற்றவில்லை. யன்னலுக்கு வெளியே ஏரியின் மேல் மேகம் இறங்கி, எது தண்ணீர் எது வானம் என்று தெரியாத ஒரு சாம்பல் நிறம் நின்றது.

நிரூபா வழக்கம்போலத் தொடங்கினாள். "சாப்பிட்டீங்களோ, அக்கா?"

"இல்ல."

ஒரு சொல்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவையிலேயே சரியாகப் பதில் சொன்ன ஒருத்தி. நிரூபா சிரித்தாள். பிறகு, தன் பாடத்தைத் தானே மறந்து, கேட்கக்கூடாத அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"ஏன்?"

சஜிதா கதவைப் பார்த்தாள். "வக்கீலுக்குச் சொன்னா அது சொன்ன கணக்கில்லதானே?"

"எனக்குச் சொன்னது இந்த அறையை விட்டுப் போகாது."

"விரதம்."

"நீங்களும் கந்தசஷ்டி பிடிக்கிறனீங்களோ?"

"இது என்ட நேத்திக்கடன் இல்ல தங்கச்சி. தவமணி அன்ரிட மிச்சம். அவங்க முடிக்கல்லதானே. அதுதான் ஒவ்வொரு வருசமும் நான் பிடிக்கிறன்."

அறையில் சூடாக்கி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. சஜிதா சொல்லத் தொடங்கினாள். தாழ்ந்த குரலில், இடையில் நிறுத்தாமல் சொன்னாள்.

அந்த வருடம் விரதத்தின் நான்காம் நாள். றிச்மண்ட் ஹில் கோயிலில் நல்ல சனம். தீர்த்தத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நின்ற அம்மா கையை நீட்டும்போது சுவெற்றரின் கை மேலே ஏறுகிறது. மணிக்கட்டில் மஞ்சள் நூலால் கட்டிய காப்பு. விரதம் பிடிப்பவர்களுக்குக் கோயிலில் கட்டிவிடுவது. அந்த அம்மா திரும்பியபோது அது தவமணி.

"நீங்க இல்லையெண்டு சொன்னீங்களே அன்ரி எண்டு கேட்டன். சுவெற்றரை இழுத்து மூடிட்டாங்க. 'பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வாய் திறந்தா பலிக்காது. சூரன்போர் முடியட்டும், நானே வந்து சொல்லுறன்' எண்டாங்க."

"ஊசி?"

"நானும் அதைத்தான் கேட்டன். 'ஊசி விரதத்தை முறிக்காதுதானே? நீ சொன்னபடி ஒருநாளும் விடேல்லை' எண்டு சந்தோசமாச் சொன்னாங்க. நான் படிப்பிச்சதுதானே. ஊசியை ஒருநாளும் விடக்கூடாதெண்டு எல்லாருக்கும் நான்தான் சொல்லுறது. நாளைக்குக் கட்டாயம் நிலையத்துக்கு வாங்க அன்ரி, ஊசியைக் குறைக்க வேணும் எண்டன். தலையை ஆட்டினாங்க. மணி அடிச்சது, சனம் தள்ளினது, ஆளைக் காணல்ல."

"அடுத்த நாள் வந்தவவோ?"

"வரல்ல."

"நீங்கள் எடுத்துக் கதைக்கேல்லையோ?"

சஜிதா தன் இரண்டு கைகளையும் கோட்டுக் கைகளுக்குள் இழுத்துக்கொண்டாள். "அவங்கட போன் அடிச்சா எடுக்கமாட்டாங்க. மற்ற நம்பர் நிலாணிட. அவட்டச் சொன்னா நேத்தி போயிரும். ஏன் எடுத்தனெண்டு நிலையத்திலயும் பதிய வேணும். இன்னும் ரெண்டு நாள்தானே எண்டு நினைச்சன்."

நிரூபா பேனையைக் கீழே வைத்தாள். சஜிதா இதை மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். வேலை போய்விடும் என்ற பயத்தினால் அல்ல. நூலைக் கண்டது, சொல்லாதே என்று தவமணி கேட்டது, இரண்டும் கோயிலில் நடந்தவை என்பதனால்.

"என்ன நேத்தியெண்டு சொன்னவவோ?"

"நிலாணிக்குப் பிள்ளை தங்கிறதில்ல. மூண்டு அழிஞ்சது. அதுக்குத்தான்."

நிலாணியை நிரூபா போன மாதம் நீதிமன்ற வளவில் கண்டிருந்தாள். கோட்டின் பொத்தான் பூட்டுப்படாத வயிறு.

"இப்ப தங்கியிருக்கு," என்றாள் சஜிதா. "ஏழாம் மாசமாம். பலிச்சிருக்கு, தங்கச்சி. ஒருத்தரும் வாய் திறக்கல்ல, பலிச்சிருக்கு. ஆனா நாளைக்கு அவங்க என்னட்டக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டன்."

"பொய் சொல்லச் சொல்லேல்லை. நிலாணின்ர லோயர் அலெக்ஸாண்டர் உங்களிட்ட நிலையத்தில என்ன நடந்தது எண்டுதான் கேப்பார். அவருக்குக் கோயில் கதை தெரியாது. கேக்காத கேள்விக்குப் பதில் இல்லை."

"மனம் கேக்குதில்ல. நானாச் சொன்னா நல்லம்போல கிடக்கு."

இந்த இடத்தில் நிரூபா வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சட்டத்தைச் சொல்லியிருக்கலாம். நிலையத்தை நம்பியிருக்கும் சனத்தைச் சொல்லியிருக்கலாம். அவள் கையில் எது மிகவும் கூராக இருந்ததோ அதை எடுத்தாள்.

"பிள்ளை இன்னும் பிறக்கேல்லையே, அக்கா," என்றாள். "இப்ப வாய் திறந்தால்..."

வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையிருக்கவில்லை. சஜிதாவின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரூபாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நம்பாத ஒன்றை நம்புகிறவளின் கழுத்தில் வைத்து அழுத்துவது எவ்வளவு இலகுவாக இருந்தது என்பதுதான், சஜிதா போன பிறகும் அவளை அந்த நாற்காலியிலேயே வைத்திருந்தது.

மறுநாள் நகரத்தின் நடுவில், உயரமான ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அந்த அறை. நீள மேசை. ஒரு பக்கம் நிரூபாவும் சஜிதாவும். எதிரே நிலாணியும் அவளுடைய வழக்கறிஞர் அலெக்ஸாண்டரும். மேசை முனையில் எல்லாவற்றையும் பதிவு செய்யும் பெண். காற்று கண்ணாடிச் சுவரை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. கட்டடம் இடைக்கிடை மெதுவாக முனகியது.

அலெக்ஸாண்டர் அமைதியான மனிதர். நரைத்த தாடி. குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் கேள்விகளை அடுக்கிக்கொண்டு போனார்.

"நிலையத்தில் தவமணியிடம் விரதத்தைப் பற்றிக் கேட்டீர்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"இல்லை என்றார்."

"அதற்குப் பிறகு எப்போதாவது நிலையத்துக்கு வந்து, விரதம் இருக்கிறேன் என்று சொன்னாரா?"

"இல்லை."

அவர் தலையை நிமிர்த்திச் சஜிதாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிரூபா மேசைக்குக் கீழே தன் விரல்களைப் பின்னிக்கொண்டாள். அவர் பக்கத்தைப் புரட்டினார். வகுப்புகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். கேள்வி கோயில் வாசலுக்குப் பக்கத்தால் வந்து, உள்ளே பார்க்காமல் போய்விட்டது.

நிலாணி முழு நேரமும் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சஜிதாவையே பார்த்தாள். கோபமாகத்தான் பார்க்க வந்திருப்பாள். ஆனால் அந்த முகத்தில் களைப்பு மட்டுமே இருந்தது. விடிய ஒஷாவாவில் ரயில் ஏறி வந்தவள்.

இடைவேளை விட்டார்கள். நிரூபா கைப்பேசியில் கரோலினுக்கு, 'நல்லாப் போகுது,' என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தாள். நடைவழியின் மறுமுனையில், தண்ணீர்க் குழாயடியில், நிலாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முகம் வெளிறியிருந்தது. முழங்கால் மடிந்தது.

பின்னால் வந்த சஜிதா ஓடிப் பிடித்தாள். நிலத்தில் மெதுவாக இருத்தினாள். தாதியின் கைகள், யோசிக்காமல் வேலை செய்தன. நிலாணியின் இடது கையை எடுத்தாள். சட்டைக் கையை முழங்கை வரை தள்ளினாள். மணிக்கட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு பக்கம், மறு பக்கம் என்று பார்த்தாள். பிறகு வலது கை. அதையும் அப்படியே பார்த்தாள். அதற்குப் பிறகுதான் விரலை வைத்து நாடி பிடித்தாள்.

தவமணி இறந்த நாளிலிருந்து அவள் தன்னிடம் வரும் எல்லா நோயாளிகளுக்கும் இப்படித்தான் செய்கிறாள். அவர்கள் நாடி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"காலமை சாப்பிட்டீங்களா, மகள்?"

"ரயிலுக்கு நேரமாச்சு. டீ மட்டும்." நிலாணி கண்ணைத் திறந்தாள். நிரூபா அருகே வந்துவிட்டாள். தன் பையிலிருந்த ஜூஸ் பெட்டியை நீட்டினாள். நிலாணி அதை வாங்கவில்லை. தள்ளப்பட்ட தன் சட்டைக் கைகளைப் பார்த்தாள், பிறகு சஜிதாவைப் பார்த்தாள்.

"என்ர கையில என்னத்தைத் தேடினியள்?"

சஜிதாவின் வாய் திறந்தது. நிரூபாவின் தலை, இல்லை என்று, மிகச் சிறிதாக அசைந்தது.

"அம்மான்ர காப்பு சுவெற்றருக்குள்ள கிடந்தது," என்றாள் நிலாணி மெல்ல. "ஆஸ்பத்திரியில கத்தரிக்கோலால சுவெற்றரை வெட்டேக்கதான் எனக்கே தெரியும். ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. என்ர லோயருக்குக் கூட. உங்களுக்கு எப்பிடித் தெரியும், எங்க பாக்கிறதெண்டு?"

"நிலாணி, வழக்கு நடக்கேக்க நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கக் கூடாது," என்றாள் நிரூபா. "எழும்புங்கோ. நான் பிடிக்கிறன்."

"நான் எழும்புவன்."

சுவரைப் பிடித்து, தானாகவே எழுந்து, அறைக்குள் போனாள்.

அவர்கள் திரும்பி உள்ளே வந்தபோது நிலாணி அலெக்ஸாண்டரின் காதுக்குள் பேசி முடித்திருந்தாள். அவர் தன் முன்னால் இருந்த கோப்பை மூடி ஒரு பக்கம் தள்ளி வைத்தார். எதையும் பார்க்காமல் கேட்டார்.

"அந்த வாரத்தில், நிலையத்துக்கு வெளியே, வேறு எங்காவது தவமணியைக் கண்டீர்களா?"

"நிலையத்துக்கு வெளியே நடந்தது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை," என்றாள் நிரூபா. "சாட்சி பதில் சொல்லத் தேவை..."

"கண்டேன்," என்றாள் சஜிதா.

நிரூபா அவளுடைய கையைத் தொட்டாள். சஜிதா கையை எடுத்துக்கொண்டாள். கோயில், வரிசை, தீர்த்தம், சுவெற்றர், நூல். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அலெக்ஸாண்டர் இப்போது சரியான கேள்விகளைக் கேட்டார். ஏன் தொலைபேசியில் எடுக்கவில்லை? யாருக்காவது சொன்னீர்களா? ஒவ்வொரு பதிலோடும் கடைத்தொகுதி மூலையிலிருக்கும் அந்தச் சின்ன நிலையத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை நிரூபா மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு. உரிமம். கரோலினின் தேத்தண்ணிக் கேத்தல்.

"விரதத்தை ஏன் மறைத்தார்?"

"நேர்த்தி வைத்திருந்தார். சொன்னால் பலிக்காது என்று நம்பினார்."

"என்ன நேர்த்தி?"

சஜிதா வாயை மூடிக்கொண்டாள். இரண்டு உதடுகளும் வெளுக்கும்வரை இறுக்கினாள். கண்ணாடிச் சுவரைக் காற்று தள்ளியது. பதிவு செய்கிற பெண்ணின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே காத்திருந்தன.

"அவர் உங்களிடம் சொன்னாரா?"

சஜிதா நிரூபாவைப் பார்த்தாள். முதல் தடவையாக உதவி கேட்கிற பார்வை. அந்தப் பார்வையில் வழக்கு இல்லை.

"அந்தக் கேள்விக்குப் பதில் தரமாட்டோம்," என்றாள் நிரூபா.

"என்ன காரணத்தால்?"

இந்த வசனத்தை அவள் தன் தொழிலில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் யாரையோ காப்பாற்றியிருக்கிறது. இப்போதும் காப்பாற்றும் என்றுதான் நினைத்தாள். "சம்பந்தமில்லை," என்றாள். சொல்லும்போது அலெக்ஸாண்டரைப் பார்க்காமல் நிலாணியைப் பார்த்துச் சொன்னாள். நிலாணியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த வயிற்றைப் பார்த்துவிட்டாள்.

தான் எங்கே பார்த்தோம் என்று அவளுக்குத் தெரிந்தபோது, நேர்த்தி யாருக்காக என்று நிலாணிக்கும் தெரிந்துவிட்டது.

நிலாணி அந்தப் பார்வை விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு, சூடான எதையோ தொட்டுவிட்டதுபோல் கையை எடுத்தாள்.

"நிலாணி?" என்றார் அலெக்ஸாண்டர். "ஒரு இடைவேளை எடுப்போமா?"

சஜிதா தலையைக் குனிந்து, ஒலியில்லாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

நிலாணி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கோட்டை எடுத்தாள். ஒரு கையை மட்டும் நுழைத்தாள், மற்றக் கை வெறுமையாகத் தொங்கியது. அலெக்ஸாண்டர் பாதி எழுந்து நின்றார். அவள் அவரைத் தாண்டி, பதிவு செய்கிற பெண்ணைத் தாண்டி, வயிற்றைத் தொடாமல், கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.